ஏறி இறங்கும் சாளரம்

இலண்டன் மாநகரின் பழைய வீதிகளில், வீட்டு முகப்புகள்தோறும் நெடிய சாளரங்கள் நிற்பதைக் காணலாம். அவற்றின் கதவுகள் கீலில் திரும்புவன அல்ல. மேலும் கீழும் வழுக்கிச் செல்வன. அத்தகைய சாளரத்தைக் கணிப்பொறியில் உருவமைப்பது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் அதன் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். கண்ணாடி பதித்த இரு சட்டங்கள், முன்னும் பின்னுமாக இரு தடங்களில் நகர்கின்றன. மேற்சட்டம் வெளித் தடத்திலும் கீழ்ச்சட்டம் உள் தடத்திலும் உள்ளன. இரு பக்கத்திலும் உள்ளீடற்ற மரப்பெட்டிகள். சட்டத்திற் கட்டிய கயிறு, கிணற்றுக் கப்பி போன்றதொரு சிறு உருளைமீது ஏறி, பெட்டிக்குள் ஓர் இரும்புக் குண்டைத் தாங்கித் தொங்குகிறது. மேற்சட்டத்தின் குண்டுகள் அச்சட்டத்தைவிடச் சற்றே கனமானவை. ஆதலின் அது மேலேயே நிற்கும். கீழ்ச்சட்டத்தின் குண்டுகள் சற்றே இலேசானவை. ஆதலின் அது கீழே படிந்து கிடக்கும். எத்தனை எளிய தந்திரம்!

ரெவிட் போன்ற மென்பொருளில் புதிதாகப் பழகும் மாணவன், இரு செவ்வகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தளத்தில் வரைந்துவிடுவான். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அச்சட்டங்கள் ஒன்றையொன்று கடக்க வழியேது? தளம் இரண்டாக வேண்டும்; நடுவே மெல்லிய பிரிப்புச் சட்டமும் வேண்டும். சுவரின் கனமும் இன்றியமையாதது. தீப்பரவலை அஞ்சி, 1709-ஆம் ஆண்டுச் சட்டம் சாளரத்தைச் சுவர்முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளியது. 1774-ஆம் ஆண்டுச் சட்டம் மரப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னே மறைத்தது. ஆகவே அதன் பிற்பட்ட வீட்டிற்குத் தடித்த மரவிளிம்பு வரைந்தால் முகப்பே மாறிவிடும்.

அடுத்து இயக்கம். திறப்பின் அளவை ஒரே எண்ணாக வைத்து, சட்டம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு குண்டு தாழுமாறு பிணைத்தல் வேண்டும். குண்டு பெட்டியின் அடியில் முட்டுகிறதா என்பது அப்போது தெரியும். குளிரைத் தடுக்க இரட்டைக் கண்ணாடி பொருத்துவோர்க்கு இது மிக முக்கியம். 4 மில்லிமீட்டர்க் கண்ணாடி, சதுர மீட்டருக்கு 10 கிலோ எடையுள்ளது. இன்னொன்று சேர்ந்தால் பக்கத்திற்கு 5 கிலோ கூடுதல். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குண்டு அதற்காக ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் நீள வேண்டும். இடமில்லையேல் ஈயத்தை நாட வேண்டும். அது வார்ப்பிரும்பைவிட ஒன்றரை மடங்கு அடர்த்தியுடையது.

நாம் கேட்டாலன்றி மென்பொருள் எடையைப் பொருட்படுத்தாது. திரையில் மேற்சட்டம் அந்தரத்தில் நிற்கும். உண்மைச் சுவரிலோ, சட்டத்தைத் திறந்தவர் கைமீதே விழும்.

யார்க்சயர் வகைச் சாளரம் பக்கவாட்டில் நகர்வது. அதற்குக் கயிறுமில்லை, குண்டுமில்லை. தொடக்கப் பயிற்சிக்கு அதனை எடுத்துக்கொண்டு, பின்னர் இதற்கு வரலாம்.