பழைய கைப்பேசியும் கல்வி உதவித்தொகை உரிமையும்

விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படுகின்றன. அத்தொழிலாளர்களின் பிள்ளைகள் பலருக்குக் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்திற்கு வாய்த்திருப்பது வீட்டிலுள்ள ஒரு பழைய கைப்பேசியே. விண்ணப்பப் பக்கம் அதில் வெள்ளையாக நின்றுவிடுகிறது என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் முறையீடு.

காரணம் எளியது. இணையத் தரநிலைகள் ஆண்டுதோறும் வளர்கின்றன. தான் அறியாத ஹெச்டிஎம்எல் குறியைப் பழைய உலாவி புறக்கணித்து, எஞ்சியதைக் காட்டும். ஜாவாஸ்கிரிப்டிலோ அறியாத இலக்கணம் ஒன்று வந்தாலும் அந்நிரல் முழுவதும் இயங்காது. படிவத்தையே நிரல்தான் உருவாக்கும் என்று தளத்தை அமைத்தால், மிஞ்சுவது வெற்றுப் பக்கம். உலாவியைப் புதுப்பிக்கலாமே என்பர். 2025-இல் வந்த குரோம் 139-க்கு ஆண்ட்ராய்டு 10 தேவை. ஆகவே புதுப்பித்தல் என்பது பலருக்குப் புதிய கைப்பேசி வாங்குவதே.

தரநிலைகள் முன்னேறக் கூடாது என்பதன்று நம் வாதம். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் கேட்கும் படிவத்திற்குப் பாதுகாப்பு கட்டாயம். ஆனால் எவரையும் கைவிடாமல் முன்னேற வழியுண்டு. இணையத்தளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், 2020-இல் தன் சொந்த மூலச் சான்றிதழுக்கு மாற முனைந்தது. அப்போது ஆண்ட்ராய்டு கருவிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதை ஏற்கும் நிலையில் இல்லை. எனவே வேறொரு நிறுவனத்தின் கையொப்பத்தைப் பெற்று, 2024 வரை பழைய கருவிகளுக்கு அவகாசம் அளித்தது.

அரசுக்கு இக்கடமை இன்னும் கூடுதலானது. பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. அமிலவீச்சுக்கு ஆளானோரும் பார்வைக் குறைபாடு உடையோரும் தொடுத்த வழக்கு அது. அதே கோட்பாடு பட்டியல் சாதி மாணவரின் உதவித்தொகைக்கும் பொருந்தும் என்பதே எங்கள் நிலைப்பாடு. உரிமைக்கு ஒரே வாசல் இணையம் என்று அரசு ஆக்கியபின், வாசலைத் திறந்து வைப்பதும் அதன் பொறுப்பே.

நம் கோரிக்கைகள் மூன்று: நிரல் இயங்காவிடினும் நிரப்பத்தக்க எளிய படிவம், எந்தெந்த உலாவிகளில் தளம் இயங்கும் என்ற முன்னறிவிப்பு, கல்லூரியிலேயே காகித விண்ணப்பம் பெறும் மாற்றுவழி.

பக்கம் திறக்காத மாணவர்கள் தேதியுடன் திரைப்படம் எடுத்து, கைப்பேசியின் ஆண்ட்ராய்டு பதிப்பையும் குறித்து, கடைசி நாளுக்கு முன்பே கல்லூரிக்கும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திற்கும் எழுத்துமூலம் மனு அளித்து ஒப்புகை பெற வேண்டும். தளம் எந்தக் கருவிகளில் சோதிக்கப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் கேட்கலாம். எழுத்தில் பதிவான மறுப்பையே நீதிமன்றத்திற்குக் கொண்டு செல்ல இயலும்.