சுவருக்கு மட்டுமா பாதுகாப்பு?

சனிக்கிழமை காலை புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியிலுள்ள டூமா வீதியில் நடந்து பாருங்கள். மஞ்சள் சுவரோரம் படம் எடுக்க இளைஞர் கூட்டம். விடுதி, கஃபே, துணிக்கடை என்று பலகைகள். பல வாசல்களுக்குப் பின்னால் ஒரு காலத்தில் குடும்பங்கள் இருந்தன.

பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி. வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமும் வைத்த வீடுகளின் முகப்புகளை 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் சீரமைத்தது. யுனெஸ்கோவும் பாராட்டியது. அருமையான வேலை. ஆனால் அது காப்பாற்றியது முகப்பை; உள்ளே வாடகைக்கு இருப்பவருக்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. தெரு அழகானால் விலை ஏறும். குடும்பம் ஒரு மாதத்துக்குத் தரும் வாடகையைச் சுற்றுலாப் பயணிகள் சில இரவுகளிலேயே தந்துவிட்டால், வீட்டுக்காரர் யாருக்குக் கதவைத் திறப்பார்? பேராசை என்று அவரைத் திட்டிப் பயனில்லை, கணக்கு அப்படி. லண்டனின் உழைப்பாளர் தெருக்களில் வசதியானவர்கள் குடியேறப் பழையவர்கள் வெளியேறியதை சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964-லேயே எழுதிவிட்டார்.

அடுத்து நெல்லித்தோப்பை நினைத்துத்தான் எனக்குக் கவலை. பழைய நகருக்கு மேற்கே, மார்க்கெட்டும் மாதா கோயிலும் உள்ள பேட்டை. விடுதியில் பாத்திரம் கழுவுபவரும் இரவுக் காவல்காரரும் சைக்கிளிலேயே வேலைக்குப் போய்வரக்கூடிய தூரம். இங்கேயும் வாடகை எகிறினால் அவர்கள் வில்லியனூர்ப் பக்கம் நகர வேண்டும். பஸ் காசு கூடும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாறும். மளிகைக் கடையில் மாதக் கணக்கு வைத்துக்கொள்ளும் நம்பிக்கையையும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். சென்னையில் கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர்கள் வீடு கிடைத்தும் வேலையைத் தொலைத்து நின்றதை மறந்துவிடக் கூடாது.

வாடகை இப்படி ஏறுவதை மெதுவாக்க முடியும். பார்சிலோனா நகராட்சி, சுற்றுலா அடுக்குமாடி வீடுகளின் உரிமங்களை 2028-க்குள் முடித்துக்கொள்வதாக 2024-ல் அறிவித்தது. வியன்னாவில் ஏறக்குறைய பாதிப்பேர் நகராட்சியின் அல்லது அரசு மானியம் பெற்ற வீடுகளில் இருக்கிறார்கள். அதனால் மற்ற வாடகைகளும் கட்டுக்குள் நிற்கின்றன. புதுச்சேரியிலும் 1969-லேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் கொடுத்துக் குடியேறியவரிடம் காட்ட ஒரு தாள்கூட இருக்காது. எழுத்து ஒப்பந்தமும் ரசீதும் கட்டாயமாகட்டும். ஒரு வீதியில் இத்தனை வீடுகளுக்கு மேல் விடுதியாகக் கூடாது என்று நகராட்சி வரம்பு வைக்கட்டும். நெல்லித்தோப்பில் அரசு நிலம் எங்கே காலியாக இருந்தாலும், முதலில் அதில் குறைந்த வாடகைக் குடியிருப்பு எழும்பட்டும். விலை ஏறிய பிறகு அந்த நிலத்தை யாரும் ஏழைக்கு ஒதுக்க மாட்டார்கள்.