'தொடாதே' இல்லாத ஒரு நாள்... தறி வீட்டில் ஒரு சுக்கு வீடு!

பட்டுத்தறி இருக்கிற வீட்டில் குழந்தைகள் அதிகம் கேட்கும் வார்த்தை எது தெரியுமா? 'தொடாதே!'

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் தறி போட்டிருக்கும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். பாவில் ஒரு பிசுபிசுப்பு விரல் பட்டால் கறை ஆகிவிடும். இழை அறுந்தால் முடிபோட்டு எடுக்க நேரம் போகும். தறிப் பக்கம் பிள்ளைகள் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரியவர்களுக்குத் தனி வேலை.

அரையாண்டு விடுமுறை வந்தால் சிக்கல் இரட்டிப்பு. வெளியே பனி, சில நாள் மழை. உள்ளே தறி. கடைசியில் பிள்ளையின் கைக்குப் போவது செல்போன்தான்.

இதே டிசம்பரில் மேலை நாட்டுக் குழந்தைகள் 'ஜிஞ்சர்பிரெட்' வீடு கட்டுகிறார்கள். இஞ்சி சேர்த்த கெட்டி பிஸ்கட்தான் சுவர், சர்க்கரைக் குழைவுதான் சிமென்ட். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பில், காட்டுக்குள் தின்பண்டத்தால் ஆன வீட்டைப் பார்த்து இரண்டு பிள்ளைகள் மயங்கும் கதை வருகிறது. அந்தக் கதையோடு சேர்ந்து இந்த வீடும் உலகம் சுற்றியது.

பேரே நம்ம பேருதான்!

இது ஏதோ அந்நியப் பண்டம் என்று நினைக்க வேண்டாம். 'ஜிஞ்சர்' என்ற சொல்லின் வேர் தென்னிந்திய 'இஞ்சிவேர்'தான் என்கிறார்கள் மொழி ஆய்வாளர்கள். கப்பலேறிப் போன இஞ்சியோடு பேரும் போயிருக்கிறது. காஞ்சிபுரத்துக்கோ சுக்கு வாசனை புதிதே இல்லை. வரதராஜப் பெருமாள் கோயிலின் பிரசாத இட்லியில் மிளகு, சீரகத்தோடு சுக்கும் உண்டு.

பிள்ளைகள் வீடு கட்டுவதும் நம்மிடம் பழைய பழக்கம். மணலில் கட்டும் சிறு வீட்டுக்குச் 'சிற்றில்' என்று பெயர். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் சிற்றிலுக்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் இன்றும் தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் நடக்கிறது. சின்னதாக வீடு அமைத்து, அதில் சிறுமிகள் பொங்கல் வைப்பார்கள்.

அடுப்பு வேண்டாம், அவன் வேண்டாம்

அடுப்பில்லாமல் செய்யும் எளிய முறை இது.

* அடித்தளம்: ஒரு தாம்பாளம். அதன் நடுவில் சுத்தமான சின்ன அட்டைப் பெட்டி. காலி ஜூஸ் டப்பாவைக் கழுவிக் காயவைத்தும் வைக்கலாம். பிஸ்கட்டை இதன் மேல் ஒட்டினால் சுவர் சரியாது. சின்னக் கைகளுக்கு இதுதான் வசதி.
* சுவர்: நீள்சதுர குளுக்கோஸ் பிஸ்கட்.
* பசை: ஐசிங் சுகர் 200 கிராம், சுக்குப் பொடி கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துக் குழைக்க வேண்டும். இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியைக் கவிழ்த்தால் உடனே விழாமல் நிற்க வேண்டும். வெளிநாட்டு முறையில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். குழந்தைகள் சாப்பிடப் போவதால் அது வேண்டாம்.
* கூரை: சுவர் அரை மணி நேரம் காய்ந்த பிறகு இரண்டு பிஸ்கட்டைச் சாய்த்து ஒட்டுங்கள். மேலே பசை தடவி ஓமப்பொடியைப் பரப்பினால் அசல் கூரை வீடு!
* வாசல்: தேங்காய்த் துருவலில் ஒரு கோலம்.

நாலைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் முழு வேர்க்கடலை, கெட்டி மிட்டாய் வேண்டாம்; தொண்டையில் சிக்கும். வெல்லப்பாகு நன்றாக ஒட்டும்தான். ஆனால் கொதிக்கும் பாகுப் பக்கம் குழந்தைகள் வரக்கூடாது. எறும்புக்கு நம் பாட்டி வைத்தியம்தான்: அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தாம்பாளத்தை வையுங்கள். ஈரக் காற்றில் பிஸ்கட் நமத்துவிடும். அன்றே சாப்பிட்டுவிடுவது நல்லது.

யார் கட்டுவது?

இங்கேதான் பெரியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். சுவர் கோணலாகப் போனதும், 'தள்ளு, நான் ஒட்டுறேன்' என்று வாங்கிக்கொள்வார்கள். ஸ்டேட்டஸில் வைக்க அழகான வீடு கிடைக்கும். பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

மூன்று வயதுக் குழந்தை பசை தடவட்டும். ஐந்து வயதுப் பிள்ளை பிஸ்கட்டை நிறுத்தட்டும். ஏழு வயதுப் பிள்ளை எத்தனை பிஸ்கட் வேண்டும் என்று எண்ணிச் சொல்லட்டும். சரிந்தால், 'ஏன் சரிஞ்சது?' என்று மட்டும் கேளுங்கள். பசை தண்ணியா, அவசரப்பட்டோமா என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நெசவு ஊரில் இதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. காஞ்சிப் பட்டின் கோர்வைக் கரைக்கு நெய்பவரோடு இன்னொரு கையும் வேண்டும். ஒரு காலத்தில் பல வீடுகளில் அந்த இடத்தில் உட்கார்ந்தவை பிள்ளைகள்தான். விளையாட வேண்டிய விரல்கள் நாடா தள்ளின. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது. 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று பாவின் பக்கத்தில் சிறுவனாக உட்கார்ந்திருந்த தாத்தாவுக்கு, இன்று பேத்தியோடு உட்கார்ந்து பிஸ்கட் சுவர் ஒட்டும் வாய்ப்பு கிடைத்தால் அது சின்ன விஷயம் இல்லை.

கட்டி முடித்ததும் வீட்டை உடைக்கும் உரிமையும் பிள்ளைக்கே. முதல் துண்டு யாருக்கு என்று அவர்களே முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு சுவர் போகட்டும்.

அப்புறம் எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவிவிடுங்கள். தறி காத்திருக்கிறது!