உப்பு ஜலத்தின் கணக்கு

பேதி கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த ஜலம் கொடுக்க வேண்டுமென்பதை இன்று அறியாத இல்லம் அரிது. எவ்வளவு ஜலத்துக்கு எவ்வளவு உப்பு என்று வினவினாலோ, "எல்லாம் கண்திட்டந்தான்" என்று விடை வருகிறது. ரசத்துக்குக் கண்திட்டம் போதும், இதற்குப் போதாது.

1971-ஆம் ஆண்டில் கிழக்கு வங்காளத்து அகதிகள் லக்ஷக்கணக்கில் எல்லை கடந்து வந்தபோது, மேற்கு வங்காளத்துப் பங்காவில் வாந்திபேதி மூண்டது. இரத்தக் குழாயில் ஏற்றும் உப்பு ஜலமோ தீர்ந்துகொண்டே வந்தது. அவ்வேளையில் நம் நாட்டு வைத்தியர் திலீப் மஹலனாபிஸ், 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று நிறுத்துப் பொட்டலம் கட்டுவித்து, லிட்டர் ஜலத்துக்கு ஒன்றாகக் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்ட இடத்தில், மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று. குடலில் குளுக்கோஸ் உப்பையும் உடன் அழைத்துக்கொண்டே உட்புகும்; அவற்றின் பின்னே ஜலமும் செல்லும். சூக்ஷ்மம் இவ்வளவே.

அளவு மிஞ்சினால் இதுவே தலைகீழாகும். இக்காலத்துப் பொட்டலத்தில் உப்பு 2.6 கிராம், ஒரு லிட்டருக்கு உரியது. 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டலமும் கடையில் உண்டு. பெரியதைச் சிறியதென்றெண்ணி ஒரு டம்ளரில் கரைத்தால், கலவை ஐந்து மடங்கு உறைப்பாகிவிடும். அது உடலிலுள்ள ஜலத்தையே குடலுக்கு இழுக்கும். இரத்தத்தில் உப்பு ஏறி, குழந்தைக்கு வலிப்புங்கூட வரலாம்.

லிட்டர் பொட்டலத்தை 600 மில்லியில் கரைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 400 சேர்த்தால் சரியாகும், இது எளிது. அதில் 100 மில்லியை எடுத்துக் கொடுத்த பிறகு தவறு தெரிந்தால்? அப்போதும் 400 சேர்ப்பவர் திரிராசிகத்தை மறந்தவர். எஞ்சிய 500-இல் இருப்பது பொட்டலத்தில் ஆறில் ஐந்து பங்கு. அதற்கு வேண்டிய மொத்த ஜலம் 833. ஆகவே சேர்க்க வேண்டியது 333 மாத்திரமே. நம்மைக் கேட்டால், கணக்குப் போடும் நேரத்தில் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைப்பதே உத்தமம் என்போம். பொட்டலத்தின் விலை அற்பந்தானே!

பொட்டலம் கிடைக்காவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் ஜலத்தில் தலைதட்டிய தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. கரண்டியைக் குவிக்கலாகாது. முதலில் அளக்க வேண்டியது ஜலம். லிட்டர் புட்டி ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்க. கரைத்தது ஒரு நாளைக்குத்தான்; மறுநாள் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.