எளியோர்க்கும் சாலையில் இடம்

கடலூர் மாவட்டத்தின் வடலூர், இரு பெருஞ்சாலைகள் சந்திக்கும் ஊராகும். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும் இங்குக் குறுக்கிடுகின்றன. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இருப்பதால் கனரக ஊர்திகளின் போக்குவரத்தும் உண்டு. வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய ஊரும் இதுவே. தைப்பூச நாளில் சோதி தரிசனம் காண நடந்தே வருவோர் பலர். அவர்கள் சித்தி வளாகம் அமைந்த மேட்டுக்குப்பத்திற்கும் நடந்து செல்வர். இவ்வாறு மிக விரைந்து செல்வோரும் மிக மெல்லச் செல்வோரும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்களில், நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் தனிப்பாதை இன்றியமையாதது.

விரைவும் தீங்கும்

நடப்பவர் மணிக்கு ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவும், மிதிவண்டியில் செல்பவர் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவும் கடப்பர். நெடுஞ்சாலைப் பேருந்தோ 60 கி.மீ. வேகத்தில் விரையும். பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். எனவே 30 கி.மீ. வேகம் 60 ஆகும்போது மோதலின் ஆற்றல் இருமடங்கன்று, நான்கு மடங்காகிறது. இவ்வாற்றலைத் தரையில் தீட்டிய வெள்ளைக்கோடு தடுத்துவிடாது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,000க்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள்.

திட்டமிடும் முறை

முதற்பணி எண்ணுதல். ஊர்திகளை மட்டும் எண்ணினால் போதாது. பள்ளி தொடங்கும், முடியும் வேளைகளிலும் சந்தை நாளிலும் திருவிழாவிலும் நடப்போரையும் மிதிவண்டிகளையும் எண்ணுதல் வேண்டும். இருசாராரும் குறைவாக உள்ள இடத்தில் ஒரே பாதையை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். பள்ளி, கடைத்தெரு, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றின் அருகே பாதையை இரண்டாகப் பிரிப்பதே நன்று. ஏனெனில், ஒலியின்றிப் பின்னால் வரும் மிதிவண்டி முதியோர்க்கும் பார்வையற்றோர்க்கும் இடர் தரும். தளத்தின் உயரத்தையோ தன்மையையோ மாற்றினால் எல்லை காலுக்கும் தெரியும்.

நடப்பதற்கு மட்டும் தடையற்ற 1.8 மீட்டர் அகலமேனும் வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறி. மின்கம்பமும் கடைப்பலகையும் அவ்வகலத்திற்குள் வருதல் கூடாது. சாலைக்கும் பாதைக்கும் இடையே மரங்கள் நிற்கும் நிலப்பட்டை அமைந்தால் காப்பும் நிழலும் கிட்டும். நடைவணிகர்க்கும் அங்கேயே இடம் ஒதுக்கலாம். வடிகால் மூடியின் இடுக்குகள் சக்கரம் சிக்காதவாறு குறுக்காக அமைதல் வேண்டும்.

எனினும் பாதையின் தரத்தைச் சோதிப்பது சந்திப்பே. கிளைத்தெரு வருமிடமெல்லாம் பாதை இறங்கி ஏறினால் மிதிவண்டியில் செல்வோர் மீண்டும் நெடுஞ்சாலைக்கே திரும்புவர். பாதை அதே உயரத்தில் தொடர, ஊர்திகள் அதன்மேல் மெல்ல ஏறி இறங்குமாறு அமைத்தால் விரைவு தானே குறையும்.

பிற ஊர்களின் பாடம்

நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலை விபத்துகளில் இறந்தனர். பெற்றோரின் போராட்டம் அந்நாட்டின் சாலைக் கொள்கையை மாற்ற உதவியது. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பஜாரின் அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது.

தமிழ்நாடு அரசு பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகிறது. தொலைவிலுள்ள ஊரிலிருந்து வரும் மாணவியின் கல்வி தடைப்படாதிருக்க அம்மிதிவண்டி துணைநிற்கிறது. அஃது அச்சமின்றி ஓடுவதற்குரிய பாதையும் அமைந்தால்தான் அத்திட்டத்தின் பயன் முழுமையாக அவரைச் சென்றடையும்.