பந்தயக் காருக்குக் காற்று: எதை வாங்குவது?

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவை நோக்கிய வீதிகளில் வாகனங்கள் வரிசை வரிசையாக ஊர்ந்து செல்வதைக் காணலாம். மலர்களையும் குதிரைப் பந்தயத்தையும் பார்க்கச் செல்வோரிடையே, காரின் பின்புறத்தில் உதிரிச் சில்லுகளையும் கருவிப் பெட்டியையும் அடுக்கிக்கொண்டு செல்லும் இளைஞர் சிலரும் உளர். அவர்கள் மகாகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயத்துக்குச் செல்பவர்கள். 1934ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற பழைய பந்தயம் அது. கார்கள் கூட்டமாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றாக, கடிகாரத்தையே எதிரியாகக் கொண்டு, வளைந்து செல்லும் குறுகிய மலைவீதியில் ஏறுகின்றன. பங்குபற்றுவோருட் பலர், கிழமை நாட்களிற் கந்தோரிலோ கடையிலோ தொழில் பார்த்து, மிச்சம் பிடித்த பணத்திலே காரைச் செப்பனிட்டுக்கொண்டு வருபவர்கள். ஆகவே எதற்குச் செலவு செய்வது, எதை விடுவது என்ற கேள்வி அவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் சிறிய கேள்வியன்று.

அத்தகைய கேள்விகளுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். பந்தயத் திடலில் ரயரின் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் உடன் எடுத்துச் செல்லத்தக்க கருவி எது?

கார் வீதியைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வொன்றும் நம் உள்ளங்கையினும் சற்றே பெரிது. காற்று குறைந்தால் வளைவிலே ரயர் பக்கவாட்டிற் சாயும். மிகக் குறைந்தால் அதன் ஓரம் சில்லின் விளிம்பை விட்டு நழுவிவிடவுங் கூடும். காற்று மிகுந்தால் ரயரின் நடுப்பகுதி மட்டுமே வீதியைப் பற்றும். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இரண்டு மூன்று இறாத்தல் வேற்றுமை செய்தாலே கார் திரும்பும் முறை மாறிவிடும். (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்பதையே இக்கட்டுரை முழுவதும் இறாத்தல் என்கிறோம்.) பழக்கமுள்ளவர்கள் ரயரின் தோட்புறத்தில் வெண்கட்டியாற் கோடிட்டு, ஓட்டம் முடிந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்துக் காற்றைத் திருத்துவார்கள். இயந்திரத்தில் ஒரு மாற்றம் செய்யப் பெருந்தொகை வேண்டும். காற்றோ இலவசமாகக் கிடைப்பது.

பௌதிகம் கற்கும் மாணவர்க்கு இங்கே நல்லதொரு கணக்கு உண்டு. கொழும்பிலே, 30 பாகை வெப்பத்தில், 30 இறாத்தல் காற்று அடைத்த காரை நுவரெலியாவுக்குக் கொண்டுசென்று இரவில் நிறுத்திவைத்தோமாயின், விடியலில் மானி என்ன காட்டும்? மானி காட்டுவது ரயரின் உள்ளமுக்கத்துக்கும் வெளியமுக்கத்துக்கும் உள்ள வேற்றுமையை மட்டுமே. கடல்மட்டத்தில் வெளியமுக்கம் 14.7 இறாத்தல். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 12க்குச் சற்றுக் குறைவு. ஆகவே உயரத்தினால் மாத்திரம் மானி 3 இறாத்தல் வரை கூட்டிக் காட்டவேண்டும். ஆனால் அங்கே விடியற்காலை வெப்பநிலையை 15 பாகை என்று கொள்வோம். ரயருக்குள் இருந்த முழு அமுக்கம் 44.7 இறாத்தல்; அது 303க்கு 288 என்ற தனிவெப்பநிலை விகிதத்திற் குறைந்து 42.5 ஆகும். உயரம் கூட்டியதைக் குளிர் குறைத்துவிட, மானி 31க்கு அண்மையில் நிற்கும். எதுவும் நிகழாதது போன்ற தோற்றம்! பொழுதேறி ரயர் மறுபடி 30 பாகைக்குச் சூடேறினாலோ அதே மானி 33 காட்டும். வெயிற்பக்கத்துச் சில்லுகள் ஒன்று சொல்ல, நிழற்பக்கத்துச் சில்லுகள் வேறொன்று சொல்லும். பத்துப் பாகை மாற்றத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் என்று நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

இதனால் விளங்குவது யாதெனில், திடலில் நாம் செய்யவேண்டிய வேலையிற் பெரும்பகுதி காற்றடிப்பதன்று. அளப்பதும் சிறிது வெளியே விடுவதுமே. ஆகலின் பணம் முதலிற் செல்லவேண்டிய இடம் அமுக்கமானி. பேனா வடிவிலுள்ள மலிந்த மானிகள் சட்டைப்பைக்கு அழகாயிருக்கலாம், பந்தயத்துக்கு ஆகா. 1849ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டுப் பூர்தோன் என்பவர் உரிமை பெற்ற வளைகுழாய் முறையில் அமைந்த வட்டமுக மானிகள் இன்றும் விற்பனையாகின்றன. அவற்றுள் ஒன்றைத் தெரிக. முகத்தில் 160 வரை எண்கள் இருப்பதைப் பெருமையாகக் கருதி வாங்குவோர் உண்டு. மானியின் பிழை பெரும்பாலும் முழு அளவின் நூற்றுவீதமாகவே கணிக்கப்படும். 2 வீதப் பிழை 160இல் 3 இறாத்தலுக்கு மேல், 60இல் ஒன்றேகால் இறாத்தல் அளவே. எனவே 60 வரை காட்டும் மானியே போதும். காற்றை வெளியேற்றும் பொத்தானும் மானியிலேயே இருந்தால், மானியைக் கழற்றாமல் முள்ளைப் பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாக விடலாம். ஒன்றை வாங்கிவிட்டால் அதையே எப்போதும் பயன்படுத்துக. இன்று ஒருவருடையது, நாளை இன்னொருவருடையது என்று இரவல் மானியால் அளப்பவர், ரயரை அளக்கவில்லை, மானிகளை ஒப்பிடுகிறார்.

இனிக் காற்றடிப்பது. சிறிய கார் ரயரொன்றின் உட்கொள்ளளவு ஏறத்தாழ 30 லீற்றர். அதில் 4 இறாத்தல் உயர்த்தக் கடல்மட்டத்துக் காற்று 8 லீற்றர் தேவை. நான்கு ரயர்களுக்கும் 33 லீற்றர். நுவரெலியாவிற் காற்று ஐந்திலொரு பங்கு ஐதாக இருப்பதால், அங்கே பம்பு 41 லீற்றரை உள்ளிழுக்கவேண்டும். இவ்வளவுதான் தேவை. கராச்சில் நிற்கும் பெரிய கொம்பிரசரை லொறியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டியதில்லை என்பது இக்கணக்காலேயே புலனாகும்.

நல்ல கால்பம்பு ஒன்றிருந்தால் ரயரொன்றுக்கு முப்பது நாற்பது மிதிகளில் வேலை முடிந்துவிடும். மின்சாரம் வேண்டா, பழுதும் அரிது. பற்றரியில் இயங்கும் சிறிய கொம்பிரசர்கள் இப்பொழுது கடைகளில் ஏராளம். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லீற்றர் தரும் சிறிய இயந்திரமே ஒரு ரயரை ஒரு நிமிட அளவிற் சரிசெய்துவிடும். அவற்றில் எண் காட்டும் மானியும், குறித்த அளவில் தானே நின்றுவிடும் வசதியும் உள. அந்த எண்ணை ஒரு வழிகாட்டியாக மட்டும் கொண்டு, குழாயைக் கழற்றியபின் நமது மானியால் அளப்பதே முறை. சிறிய இயந்திரங்கள் விரைவிற் சூடேறும். எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் ஓய்வு கொடுக்கவேண்டும் என்பது கையேட்டில் எழுதியிருக்கும். வாங்குமுன் அதைப் படித்துப் பார்க்கவேண்டும். சிகரெட் பற்றவைக்கும் துளையிற் செருகும் வகையாயின், காரின் பியூஸ் அதைத் தாங்குமா என்பதையும் விசாரிக்க.

காற்றுத் தொட்டி மூன்றாவது வழி. 20 லீற்றர்த் தொட்டியில் 120 இறாத்தல் வரை அடைத்துச் சென்றால், அது 35 இறாத்தலுக்கு இறங்கும்வரை 115 லீற்றர் காற்றுத் தரும். அதாவது மேற்சொன்ன தேவையை மூன்று முறை நிறைவேற்றும். ஓசையில்லை, விரைவும் உண்டு. கொழும்பில் அடைத்துச் சென்றால் மலைநாட்டின் ஐதான காற்றைப் பற்றிய கவலையும் இல்லை. ஆயினும் இங்கேதான் ஓர் எச்சரிக்கை அவசியம்.

நமது பழைய மாணவர் ஒருவர், வங்கியிற் பணிபுரிபவர், பழைய சமையல் வாயுச் சிலிண்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதற்குக் குழாய் ஒட்டுவித்துக் காற்றுத் தொட்டியாக்க எண்ணியிருந்தார். “ஐயா, புதுத் தொட்டியின் விலையிற் காற்பங்குதான் செலவு,” என்றார். “தம்பி, உள்ளே எவ்வளவு துரு ஏறியிருக்கிறதென்று நீர் பார்த்தீரா?” என்று வினவினோம். அவர் மறுமொழி சொல்லவில்லை. அவருடைய தாயார்தாம் இடையிற் புகுந்து, “பந்தயத்தை விடச் சொன்னாற் கேட்கமாட்டான், இந்தச் சிலிண்டரையாவது விடச் சொல்லுங்கோ வாத்தியார்,” என்றார்.

அந்தத் தாயாரின் அச்சம் வீண் அச்சமன்று. 20 லீற்றர்த் தொட்டியில் 120 இறாத்தலில் அடைபட்ட காற்று திடீரென விரியுமாயின், 70 கிலோ எடையுள்ள ஒருவரை 20 மீற்றர் உயரத்துக்குத் தூக்கப் போதிய சக்தி வெளிப்படும். அச்சக்தி எஃகுத் துண்டுகளைச் சுமந்துகொண்டு வரும். காற்றோடு கலந்த நீராவி தொட்டியின் அடியில் நீராகத் தேங்கி உட்புறத்தை அரித்துக்கொண்டேயிருக்கும். மேற்பூச்சு பளபளப்பாக இருப்பதனால் மட்டும் தொட்டி நல்லதாகிவிடாது. தாங்கும் அமுக்கம் பொறிக்கப்பெற்ற, பாதுகாப்பு வால்வும் நீர் வடிக்கும் திருகும் உள்ள தொட்டியையே வாங்கவேண்டும். பழைய தொட்டியாயின், அது நீர்ப்பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்க வேண்டும். நீர் அமுக்கத்துக்குச் சுருங்குவது மிகச் சிறிதாகையால், பரிசோதனையிலே தொட்டி பிளந்தாலும் வெடிப்பு நேராது. மாணவர் சிலிண்டரைக் கைவிட்டுக் கால்பம்பு வாங்கினார்.

காபனீரொட்சைட்டுச் சிலிண்டரை நாடுவோரும் உளர். 4.5 கிலோ திரவம் வாயுவாகும்போது 2500 லீற்றராக விரியும். மணலிலும் சேற்றிலும் ஓட்டுவதற்காகப் பெரிய ரயர்களின் காற்றைப் பாதியாகக் குறைத்து, பின்னர் மீண்டும் நிரப்புபவர்களுக்கு அது மிக உதவும். மலையேற்றப் பந்தயத்துக்கு அது மிகை. 25 பாகையிலேயே அதனுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் 60 மடங்குக்கு மேல். 31 பாகையைக் கடந்தால் திரவம் என்பதே இல்லாமற்போய் அமுக்கம் இன்னும் ஏறும். நண்பகல் வெயிலிற் பூட்டிய காருக்குள் அதை விட்டுச் செல்லலாகாது. நைதரசன் அடைத்தால் கார் பறக்கும் என்பாரும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 வீதம் நைதரசனே. சிலிண்டரில் வருவது ஈரமற்றது என்பதே அதன் மெய்யான நன்மை.

எதை வாங்கினாலும் அதன் குழாய் முனையைத் தம் காரின் வால்வில் மாட்டிப் பார்த்தே வாங்கவேண்டும். காற்றை ஒழுகவிடும் முனை, அடித்ததையெல்லாம் கழற்றும்போது திருப்பி எடுத்துக்கொள்ளும். ஓட்டத்துக்குக் காரைக் கொண்டுசெல்லுமுன் பம்பும் மானியும் தொட்டியும் காரினின்று இறக்கப்பட்டு, உடன்வந்த தம்பியிடமோ தங்கையிடமோ ஒப்படைக்கப்படவேண்டும். அவர்கள் கையில் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் கொடுத்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன்னும் பின்னும் நான்கு ரயர்களின் அமுக்கத்தையும், நேரத்தையும், வெயிலா மப்பா என்பதையும் எழுதிவைக்கச் சொல்க.