நியூட்ரான் நட்சத்திரத்துக்குள் ‘இடியாப்பம்’

மாணவர்களே, நியூட்டனின் இரண்டாம் விதி நினைவிருக்கிறதா? விசை = நிறை × முடுக்கம். யாரும் தொடவே முடியாத ஒரு பொருளை ஆராயவும் இந்த விதி கைகொடுக்கிறது.

நியூட்ரான் நட்சத்திரத்தின் விட்டம் சுமார் 20 கிலோமீட்டர்தான். சிங்கப்பூர்த் தீவின் நீளத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அதன் நிறை சூரியனுடையதைவிட அதிகம். அதன் மேலோட்டின் அடியில் அணுக்கருக்கள் நெருக்குண்டு, இடியாப்ப இழைகளாகவும் அடுக்கிய தோசைகள் போன்ற தகடுகளாகவும் மாறுவதாகக் கணிக்கப்படுகிறது. அணுக்கரு விசை துகள்களை ஈர்க்கிறது. மின்விசை புரோட்டான்களை விலக்குகிறது. இந்தப் போட்டியில் பிறக்கும் வடிவங்களுக்கு ‘அணுக்கரு பாஸ்தா’ என்று பெயர்.

இதன் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவர முடியாது. அதனால் கணினியில் ஒவ்வொரு புரோட்டானையும் நியூட்ரானையும் சிறு பந்தாகக் கருதுகிறார்கள். அதன்மீது செயல்படும் விசைகளைக் கூட்டி, முடுக்கத்தைக் கண்டுபிடித்து, பந்தைத் துளியளவு நகர்த்துகிறார்கள். பிறகு மீண்டும் அதே கணக்கு. பல இலட்சம் முறை! இதுவே மூலக்கூறு இயக்கவியல் முறை.

2018-இல் கனடா, அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படி உருவாக்கிய பாஸ்தாவைக் கணினியிலேயே இழுத்து உடைத்துப் பார்த்தனர். அதற்குச் சுமார் 2 மில்லியன் மணிநேரக் கணினி உழைப்பு தேவைப்பட்டது. முடிவு? அதை உடைப்பது எஃகை உடைப்பதைவிடச் சுமார் 10 பில்லியன் மடங்கு கடினம்.

ஆனால் நியூட்ரான்கள் உண்மையில் பந்துகள் அல்ல. அவை குவாண்டம் விதிகளுக்கு உட்பட்டவை. ஆகவே கணினியின் விடையைச் சரிபார்க்க வேண்டும். உறுதியான மேலோடு மேடுகளைத் தாங்கும். மேட்டுடன் சுழலும் நட்சத்திரம் ஈர்ப்பு அலைகளை எழுப்பும். அந்த அலைகள் கருவிகளில் சிக்கினால், கணக்கு சரிதானா என்று வானமே சொல்லிவிடும்.